அமுச்சியின் கால்மேல்

மல்லிகைப் பருவம் வந்துவிட்டால் சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடுகள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொள்ளும். மொட்டு வெடிப்பதற்குள் பறித்து மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். இப்போது பெண்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். எண்பதுகளில் எங்களிடம் ஒரு டார்ச்சும் ஒரு அரிக்கேன் விளக்கும்தான் இருந்தன. தம்பி பிறந்து நாங்கள் அம்மாவைப் பெற்ற அமுச்சியின் வீட்டில் தங்கியிருந்த வருஷம் அது. அவனுக்கு நாலு மாதம் ஆனதும் அம்மாவும் பெரியம்மாவோடும் சித்தியோடும் பூப் பறிக்கக் காட்டுக்குள் இறங்கிவிட்டாள். வீட்டில் அமுச்சி, தொட்டிலில் தம்பி, பாதித் தூக்கத்தில் நான்.

தொட்டில் என்றால் விட்டத்தில் கட்டிய பழைய நூல் சீலை. அதற்குள் அவன் நெளிகிற அசைவு இருட்டிலும் அமுச்சிக்குத் தெரிந்துவிடும். அழுகை வரும்வரை காத்திருக்க மாட்டாள். "ஈரமானதுக்கப்பறம் அழுகற புள்ளையத் தூக்கறது பெரிய காரியமா கண்ணு? நெளியறப்பவே தூக்கோணும்" என்பாள். தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போவாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, சீலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, கால் இரண்டையும் நீட்டி உட்காருவாள். கணுக்கால்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. தம்பியின் பிட்டம் சரியாக அந்த இடைவெளியின் மேல் வரும். முகம் அவளைப் பார்த்திருக்கும். முழங்கால் மடிந்து தொடைகள் வயிற்றோடு ஒட்டியிருக்கும். அக்குளுக்குக் கீழே அவளுடைய இரண்டு கைகள். கழுத்து நிற்காத மாதங்களில் ஒரு கை பின்னந்தலைக்குப் போய்விடும். கீழே ஒரு பிடி அடுப்புச் சாம்பல் தூவியிருக்கும். அவள் உதட்டிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கிளம்பும். அவன் கண் ஒரு புள்ளியில் நிலைக்கும். பிறகு சாம்பலின் மேல் பொலபொலவென்று விழும். சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

வரவில்லையென்றால்? எழுந்துவிடுவாள். இதைத்தான் நான் இத்தனை வருஷம் கழித்து நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். 'போ போ' என்று அதட்டியதில்லை, வயிற்றை அமுக்கியதில்லை, பிடித்து வைத்ததில்லை. "வரோணும்னா வருது. நாம முக்குனா அவனுக்கு வருமா?" அவ்வளவுதான். தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள்.

காலையில் எழுந்ததும் ஒரு தடவை, பால் குடித்துச் சற்று நேரத்தில் ஒரு தடவை, தூங்கி எழும்போதெல்லாம் ஒரு தடவை. இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வயிற்றில் பால் இறங்கி இரைப்பை விரிந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குகிறது. பெரியவர்களுக்கும் உண்டான அனிச்சைச் செயல்தான். கைக்குழந்தைகளிடம் அது வலுவாகத் தெரியும். குடித்துக்கொண்டே இருந்தவன் சப்புவதை நிறுத்தி முகம் சிவந்தால் அமுச்சி முந்தானையால் தம்பியின் வாயைத் துடைத்துக்கொண்டே எழுந்திருப்பாள்.

இதே காட்சியைக் கென்யாவின் கடலோரத்தில் வாழும் டிகோ மக்களிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். எம்.டபிள்யூ. டிவ்ரீஸ், எம்.ஆர். டிவ்ரீஸ் என்ற இருவரின் கட்டுரை. 1977இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்தது. டிகோ தாய்மார் பிறந்த சில வாரங்களிலேயே தொடங்குகிறார்கள். தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, குழந்தையை நடுவில் வைத்து, 'ஷ்ஷ்' என்று சத்தம் கொடுக்கிறார்கள். ஐந்தாறு மாதத்தில் குழந்தைகள் பகலிலும் இரவிலும் பெரும்பாலும் நனைக்காமல் இருக்கின்றன. குழந்தை இதற்கெல்லாம் தயாராக இரண்டு வயதாக வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு அது பெரிய செய்தி. எங்கள் பொடக்காலிக்கு அது செய்தியே இல்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாலு மாதக் குழந்தை 'பழகிவிட்டது' என்று சொல்வது முழு உண்மையல்ல. பழகியது பாதி குழந்தை, பாதி அமுச்சி. அவள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன நாளில் தம்பி எல்லாரையும் நனைத்தான். அவனுக்கு உடம்பு உணர்த்துவதை அவன் முகம் காட்டியது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கிற ஒரு பேச்சு அது.

குழந்தையின் பக்கத்தில் பேச்சு உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கைக்குழந்தையின் மூத்திரப்பை தானாக நிறையும், தானாகக் காலியாகும், மூளைக்குச் சம்பந்தமே இல்லை என்றுதான் முன்பு பாடப் புத்தகங்கள் எழுதின. 1995இல் சி.கே. யங்கும் அவருடன் இருந்தவர்களும் தூங்கும் குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் குழந்தை சிறுநீர் விடுவதில்லை. விடுவதற்கு முன் சற்றே விழிப்புத் தட்டுகிறது. கண் திறக்காமல் இருக்கலாம், உடம்பு நெளிகிறது. சீலைத் தொட்டிலில் அமுச்சி பார்த்த நெளிவு அதுதான்.

பிறந்த குழந்தை ஏறக்குறைய மணிக்கொரு தடவை போகும். ஒரே மூச்சில் முழுவதும் போகாது. கொஞ்சம் மிச்சம் நிற்கும். மிச்சம் நின்றால் கிருமிக்கு இடம். வியட்நாமில் தாய்மார் சிறு வயதிலேயே குழந்தையைப் பிடித்து, விசிலடித்துப் போக வைக்கிறார்கள். அந்தக் குழந்தைகளையும் ஸ்வீடன் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வு வந்தது. வியட்நாம் குழந்தைகள் ஒன்பது மாத வாக்கிலேயே மூத்திரப்பையை முழுதாகக் காலி செய்யக் கற்றுவிட்டன. டயப்பரில் வளர்ந்த ஸ்வீடன் குழந்தைகளுக்கு அதற்கு மூன்று வயதாயிற்று. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. விடுவதற்குக் கற்பிப்பது ஒன்று, அடக்குவதற்குக் கற்பிப்பது வேறொன்று. அமுச்சி கற்பித்தது முதலாவதை. இரண்டாவதை எனக்குக் கற்பித்தது பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர் இருந்தது, கழிப்பறை இல்லை. பையன்கள் சுவரோரம் நின்றுவிடுவார்கள். நாங்கள் காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டில்தான். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்போம். கோடையில் உதடு வெடித்திருக்கும், அடிவயிறு கனத்திருக்கும், போகும்போது எரியும். எரிந்தால் 'சூடு' என்று சொல்லி இளநீர் வெட்டித் தருவார்கள். அது சூடல்ல, சிறுநீர்த் தொற்று என்று எனக்குத் தெரிய வந்தபோது நான் ஒரு பெண்ணுக்குத் தாயாகியிருந்தேன். என் வயதில் இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் அந்த எரிச்சலோடு எட்டாம் வகுப்பு வரை படித்து, அப்படியே மில்லுக்கு வேலைக்குப் போய், அங்கேயும் மெஷினை விட்டு நகர ஆள் வருவதற்காகக் காத்து நின்றார்கள் என்று நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

என் மகள் கோயமுத்தூரில் சரவணம்பட்டியில் இருக்கிறாள். சத்தி ரோடுதான், பஸ் ஏறினால் நேராகப் போய்விடலாம். பேரன் பிறந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது நான் அங்கே போய் இருந்தேன். ஆறாவது மாடி. டயப்பர் கட்டுகட்டாக அலமாரியில் இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. பெண் வேலைக்குப் போக வேண்டும், இரவில் தூங்க வேண்டும், துணி காயப்போட இடமில்லை. அமுச்சிக்குப் பூக்காடு இருந்தது, அவளுக்கு உதவ நாலு வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், தாத்தா அப்புச்சியின் கிழிந்த வேட்டியிலிருந்து கிழித்த மெத்தென்ற துணிகள் வேலியெல்லாம் காய்ந்தன. என் மகளுக்கு மீட்டிங் இருக்கிறது.

பேரன் நாலாம் மாதத்தில் பால் குடித்தபடியே சப்புவதை நிறுத்திச் சிவந்தான். என் கால்கள் தாமாக நீண்டன. பாத்ரூம் தரையில் உட்கார்ந்து கணுக்கால் மேல் வைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். வந்துவிட்டது. மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் பழக்குனா பின்னாடி அடக்கற பழக்கம் வந்துருமாமா. மலச்சிக்கல், மூத்திரப்பை கோளாறு எல்லாம் வருமாம். படிச்சனுங்மா" என்றாள்.

"யாரு கண்ணு சொன்னாங்க?"

சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. ஸ்டீவ் ஹாட்ஜஸ், அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் சிறுநீரக அறுவை மருத்துவர். நானும் மகளும் உட்கார்ந்து சேர்ந்தே படித்தோம். 2014இல் அவரும் அவர் குழுவும் 112 குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். இரண்டு வயதுக்கு முன் பழக்கப்பட்டவர்களிடம் பகலில் நனைக்கும் சிக்கல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. அவர்களில் பலருக்கு மலச்சிக்கலும் இருந்தது. மூன்று வயதுக்கு மேல் தள்ளிப்போட்டவர்களும் தப்பவில்லை. அவர் சொல்லும் காரணம் எனக்கு நியாயமாகப் பட்டது. அங்கே பிரீஸ்கூலில் சேர்க்க வேண்டுமென்றால் டயப்பர் இல்லாமல் வர வேண்டும். அதற்காக அவசர அவசரமாகப் பழக்குகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் இறுகுகிறது. இறுகியது போகும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறது. நெரிசலான பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சாய்வதுபோல நிரம்பிய மலக்குடல் மூத்திரப்பைமேல் சாய்கிறது. பையின் இடம் குறைகிறது, நரம்புகள் உறுத்தப்படுகின்றன, பிள்ளை நனைக்கிறது. நனைத்ததற்கு அடி வாங்குகிறது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் மொன்ட்ரியாலில் இருந்த ஷான் ஓ'ரீகன் என்ற மருத்துவர். 1980களில், படுக்கையை நனைக்கிற பிள்ளைகளுக்கும் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற பிள்ளைகளுக்கும் மலக்குடல் விரிந்து நிரம்பியிருப்பதைக் கண்டார். மலச்சிக்கலைச் சரிசெய்ததும் பலருக்கு நனைப்பதும் தொற்றும் நின்றன.

மகளிடம் சொன்னேன்: "அவரு சொல்றது வாஸ்தவம்தான் சாமி. ஆனா அவரு பாத்தது ரெண்டு வயசுல அடக்கச் சொல்லிக் குடுத்த புள்ளைய. நான் இவனை அடக்கச் சொல்லலியே. வந்தா போகட்டும்னு உக்கார வெக்கறேன்." அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்து, "அவன் அழுதா நிறுத்திரோணும்" என்றாள். அந்த நிபந்தனையை அமுச்சியும் ஏற்றிருப்பாள்.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் சீக்கிரம் தொடங்கிய நாடுதான். அங்கே அரசின் குழந்தைகள் நலத் துறை 1914 முதல் 'இன்ஃபன்ட் கேர்' என்ற கையேட்டைப் பதிப்பு பதிப்பாக வெளியிட்டது. முதல் மாதங்களிலேயே பழக்கத் தொடங்கலாம், தினமும் அதே மணிக்கு, தவறாமல் என்றது. வரவில்லையென்றால் சோப்பைக் குச்சியாகச் சீவி ஆசனவாயில் வைக்கும் வழியும் சொல்லப்பட்டது. அங்கே கடிகாரம்தான் குழந்தையை எழுப்பியது. அந்தக் கண்டிப்பில் வளர்ந்த பிள்ளைகள் மலத்தை அடக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்ததைப் பார்த்துத்தான் டி. பெர்ரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் மாற்றுவழி தேடினார். 1,170 குழந்தைகளைப் பத்து வருஷம் கவனித்து 1962இல் எழுதினார்: குழந்தை விருப்பம் காட்டும்வரை பொறுங்கள், ஒன்றரை வயதுக்கு முன் தொடங்காதீர்கள். அவர் பார்த்த பிள்ளைகள் பகலில் முழுதாகப் பழகியபோது சராசரி வயது 28.5 மாதம். அதற்கு முந்தைய வருஷம், 1961இல், பேம்பர்ஸ் கடைக்கு வந்திருந்தது. பொறுங்கள் என்ற அறிவுரையும் எறிந்துவிடும் டயப்பரும் சேர்ந்தே வளர்ந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய குழந்தைகளுக்கான டயப்பர் விளம்பரத்தில் பிரேசல்டனே தோன்றினார். அவருடைய முதல் அக்கறை உண்மையானது என்றுதான் நான் நினைக்கிறேன். குழந்தையை வற்புறுத்தாதே என்று அவர் சொன்னது சரி. பொறுத்திருப்பது என்றால் பார்க்காமல் இருப்பது என்று ஆகிப்போனதுதான் நஷ்டம்.

டயப்பருக்குள் இருக்கிற பொடி, சோடியம் பாலிஅக்ரிலேட், தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்துக் கெட்டியாக்கிக்கொள்ளும். குழந்தைக்கு ஈரம் தெரியாது. அம்மாவுக்கும் எப்போது போனான், எத்தனை தடவை போனான், எப்படிப் போனான் என்று தெரியாது. 'எப்படி' என்பது சின்ன விஷயமில்லை.

பெரியம்மாவின் பேரன் ஒருவன். கொழுகொழுவென்று இருந்தான், ஆனால் எடை ஏறுவது நின்றுபோயிற்று, அடிக்கடி காய்ச்சல். பல் வருகிறது என்றார்கள், திருஷ்டி என்றார்கள். பண்ணாரி அம்மன் கோயிலில் மண் எடுத்து வந்து நெற்றியில் பூசினார்கள். அமுச்சி அப்போது தளர்ந்துவிட்டாள், ஆனாலும் கால் நீட்டி உட்காருவாள். அவனை இரண்டு நாள் கால்மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். "ஆம்பளப்புள்ள ஒண்ணுக்குப் போனா எதுத்தாப்புல இருக்கறவிய மூஞ்சில அடிக்கோணும். இவனுக்கு முக்கி முக்கிச் சொட்டுது. நாளைக்கே கோயமுத்தூருக்குக் கூட்டீட்டுப் போங்க."

போனார்கள். சிறுநீர்க் குழாயில், மூத்திரப்பைக்குச் சற்றுக் கீழே, வால்வு மாதிரி ஒரு மெல்லிய சவ்வு. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் பிறவியிலேயே வருகிற கோளாறு. வழி அடைபட்டுச் சிறுநீர் பின்னோக்கித் தேங்கி, சிறுநீரகத்தையே அரித்துவிடும். குழாய்க் கருவியை உள்ளே விட்டு அந்தச் சவ்வை வெட்டிவிட்டார்கள். இன்று அவன் லாரி ஓட்டுகிறான், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்குகிறான். இந்தக் கோளாறு இப்போது பல நேரம் கர்ப்பகால ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போகிறவர்களும் உண்டு. ஆண் குழந்தை சிறுநீர் விடும்போது நீரோட்டம் வில்லாக வருகிறதா, சொட்டுகிறதா என்று தினம் ஒரு தடவையாவது டயப்பரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்று என் மகளின் தோழிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அமுச்சியைப் பற்றி இப்படிப் பேசும்போது, அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தை இரண்டு நாள் போகவில்லையென்றால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள். அமெரிக்காவின் சோப்புக் குச்சியும் எங்கள் காம்பும் ஒன்றுதான். மாதம் ஒரு தடவை விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவார்கள், சிலர் மூக்கிலும் எண்ணெய் விடுவார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியாவாகும். அதில் இழந்த குழந்தைகள் உண்டு. இதெல்லாம் தேவையே இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை முதல் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஒரு நாளில் பல தடவையும் போகலாம், நாலைந்து நாள் போகாமலும் இருக்கலாம். போகும்போது இளகலாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. பத்து நிமிஷம் முக்கி, சிவந்து, அழுது, கடைசியில் இளகலாகவே போகிற குழந்தையும் உண்டு. வயிற்றை அழுத்தவும் கீழே தளர்த்தவும் ஒரே சமயத்தில் அதற்கு இன்னும் தெரியவில்லை, சில வாரங்களில் தானே கற்றுக்கொள்ளும். காம்பு வைத்துப் பழக்கினால் காம்புக்காகக் காத்திருக்கும். பயப்பட வேண்டியது வேறு அடையாளங்களுக்கு: பிறந்து 48 மணி நேரமாகியும் முதல் கருமலம் போகாதது, வயிறு பானையாக உப்புவது, பச்சையாக வாந்தி எடுப்பது, மலத்தில் ரத்தம். இவற்றுக்குக் காம்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை, ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று. சாம்பலோடு கொட்டாங்குச்சியில் வழித்து அமுச்சி குப்பைக்குழியில் போடுவாள், போட்டுவிட்டுக் கையைச் சாம்பல் தேய்த்துக் கழுவுவாள். எல்லா வீட்டிலும் அப்படியில்லை. குழந்தையின் மலத்தில் தோஷமில்லை என்று வாசலோரத்தில் விட்டுவிடுவார்கள், துணியை வாய்க்காலிலேயே அலசுவார்கள். குழந்தையின் மலத்தில் பெரியவர்களுடையதைப் போலவே கிருமி உண்டு, புழுவின் முட்டை உண்டு. கீழ்மடையில் அதே வாய்க்காலில் பிள்ளைகள் குளித்தன. வயிற்றுப்போக்கு ஒரு வீட்டில் வந்தால் வரிசையாக வரும். இப்போது பவானிக் கரையோரம் போனால் புதர்களில் டயப்பர் சிக்கிக்கிடக்கிறது. பில்லூரிலிருந்தும் பவானிசாகரிலிருந்தும் வரும் அதே தண்ணீரைத்தான் கீழே அத்தனை ஊர்களும் குடிக்கின்றன. டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் வருஷத் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. வாய்க்காலில் அலசியவளையும் ஆற்றில் எறிகிறவளையும் நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை.

அமுச்சியின் கால்களுக்கே திரும்பத் திரும்ப வருகிறேன். மகளின் அடுத்த வீட்டில் ஒரு பெண் குழந்தை, நாலரை வயது. மலச்சிக்கல் என்று குழந்தை மருத்துவரிடம் காட்டப் போனார்கள், துணைக்கு நானும் போயிருந்தேன். காலை பாலும் பிஸ்கட்டும், மதியம் சோறு, சாயங்காலம் மறுபடியும் பால். ராகிக் களி இல்லை, கீரை இல்லை, கொய்யாப்பழம் இல்லை, தண்ணீர் இல்லை. மருத்துவர் மலம் இளக மருந்து எழுதினார். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், விரிந்த குடல் சுருங்க நாளாகும், சிக்கல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு ஒரு தாளில் படம் வரைந்தார். வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஒரு குழந்தை. அதன் காலுக்குக் கீழே ஒரு முக்காலி. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கிறது. "சாப்பிட்டதும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, திட்டக் கூடாது" என்றார். கால் மடிந்தால் மலக்குடலின் வளைவு நேராகிறது, தசை தளர்கிறது என்று விளக்கினார். சாப்பிட்டதும், முழங்காலை மடித்து, கொஞ்ச நேரம், திட்டாமல். படத்தில் இல்லாதது ஒரு கிழவியின் முகம் மட்டும்தான்.

அந்தச் சிறுமி இரவில் படுக்கையையும் நனைத்துக்கொண்டிருந்தாள். தாய் சொல்லும்போதே அழுதாள். ஐந்து வயது வரை அதை வியாதியாகவே கணக்கில் எடுப்பதில்லை, ஐந்து வயதிலும் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் நனைக்கும், வருஷா வருஷம் தானாகக் குறையும் என்று மருத்துவர் சொன்னார். எங்கள் ஊரில் இதற்காகப் பிள்ளையை விளக்குமாற்றால் அடித்ததையும், நனைந்த பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். தூங்கும்போது நடப்பதற்கு எந்தப் பிள்ளை பொறுப்பாகும்? அப்படி நின்ற ஒருவரை இப்போதும் சத்தி பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டார். என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

எனக்கு முழங்கால் வலி. அமுச்சி மாதிரி நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். அதனால் பேரன் உட்காரப் பழகியதும் குழந்தைக்கான ஒரு சின்னக் கழிப்பு நாற்காலி வாங்கினோம், கால் தரையில் பதிகிற உயரத்தில். இரவுக்கும் பயணத்துக்கும் டயப்பர், பகலில் வீட்டில் துணி. மருமகனுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரிகிறது. பையன் மூலையில் போய் நின்று பேச்சை நிறுத்தினால், லேப்டாப்பை மூடிவிட்டு, "போலாங்களா சாமி?" என்று கை நீட்டுகிறார். மாட்டேன் என்றால் விட்டுவிடுகிறார். ஆண்கள் இதைச் செய்து இதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்புச்சி ஒரு தடவைகூடக் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை.

அடுத்த ஜூனில் பேரனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்று தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள். பிறகு தமிழ்நாட்டிலும் வந்தது. நல்ல காரியம். குடித்த தண்ணீர் வெளியே போகவும் வழி வேண்டுமே. மகள் மூன்று பள்ளிகளின் விண்ணப்பங்களை வாங்கி வைத்திருக்கிறாள். எதில் ரோபோட்டிக்ஸ் இருக்கிறது, எதில் நீச்சல்குளம் இருக்கிறது என்று மகளும் மருமகனும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேரில் பார்க்கப் போகிற அன்று நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் எல்.கே.ஜி. பிள்ளைகளின் கழிப்பறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்: உள்ளே தாழ்ப்பாள் எட்டுகிறதா, கால் தரையில் படுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, உதவிக்கு ஆயா யார். பிறகு வகுப்பாசிரியையிடம் ஒன்று கேட்க வேண்டும்: பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை கையைத் தூக்கினால், இடைவேளை வரட்டும் என்பீர்களா, இல்லை அப்போதே அனுப்புவீர்களா?